ஒற்றுமைக்கு ஒத்திகை

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இத்தாலிக்கு விடுதலை கிடைத்துவிடும். சாப்பாட்டுக்கு முன் ஒரு விதமாக, சாப்பாட்டுக்குப் பின் வேறு விதமாக. மெல்போர்ன் நகரத்துக் கார்ல்டன் பகுதியில் இருந்த எட்டு இத்தாலிய ஆண்கள் என் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நான் கிண்டிய சோளமாவுக் களியை வழித்துத் தின்றுகொண்டே, முசோலினி ஒழிந்த பிறகு நாட்டை யார் ஆள்வது என்று அடித்துக்கொள்வார்கள். அதற்குப் பாசிச எதிர்ப்புக் குழு என்று பெயர். குழுவில் பெண்கள் கிடையாது. களி கிண்டவும் தட்டு கழுவவும் மட்டும் எர்சிலியா உண்டு. எர்சிலியா நான்தான்.

அந்தக் குழுவுக்கு அப்போது என் தயவு தேவைப்படவில்லை, எனக்குத்தான் அதன் தயவு வேண்டியிருந்தது. என் புருஷன் துல்லியோ தடுப்பு முகாமில் இருந்தான்.

துல்லியோ அனார்க்கிஸ்ட். அரசன் கூடாது, மந்திரி கூடாது, போலீஸ் கூடாது, பாதிரியும் கூடாது என்கிற கட்சி. அதனால் நாங்கள் தேவாலயத்தில் கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. என் அம்மா அதற்காக ஒரு வருடம் அழுதாள். முசோலினியின் ஆட்கள் எங்கள் ஊரில் அவனை இரண்டு முறை கட்டையால் அடித்த பிறகுதான் கப்பலேறி மெல்போர்னுக்கு வந்தோம். இத்தாலி போரில் குதித்த அன்று இங்கத்துப் போலீஸ் வீட்டைச் சோதனை போட்டது. டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு கறுப்புக் கொடி கிடைத்தது. அது அனார்க்கிஸ்டுகளின் கொடி. சார்ஜெண்டுக்கு அதெல்லாம் தெரியுமா? கறுப்பு என்றால் முசோலினியின் ஆட்கள் போடும் கறுப்புச் சட்டைதான். துல்லியோ அவரை உட்காரவைத்து, பொறுமையாக, தன் கொள்கை முழுவதையும் விளக்கினான். கடைசியில் சார்ஜெண்ட், "அப்போ உனக்கு எங்க அரசாங்கமும் வேண்டாமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றான் என் வீட்டு அரிச்சந்திரன். கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கொண்டுபோய் எங்கே போட்டார்கள் தெரியுமா? பக்கத்து மாநிலத்தில், பாலைவனத்து ஓரத்தில், பாசிஸ்டுகளோடு ஒரே கொட்டகையில்.

மூன்று வருடம் ஆகப்போகிறபோது, உடம்பு சரியில்லை என்று அங்கிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு செருப்புத் தைப்பவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சாயங்காலம் ஆனா கொட்டகையே எழுந்து நின்னு, கைய நீட்டி அவங்க பாட்டைப் பாடும்மா. உன் வீட்டுக்காரர் மட்டும் கட்டில்ல படுத்துக் கெடப்பாரு. பாட்டு முடிஞ்சதும் அடிப்பாங்க. மறுநாளும் படுத்துக் கெடப்பாரு. இப்ப விரலை ஒடச்சிருக்காங்க. அடுத்தது என்ன ஒடைப்பாங்கன்னு தெரியல. சீக்கிரம் வெளிய எடுக்கப் பாருங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினேன். என் ஆங்கிலத்தைக் கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு என்னைக் கண்டதும் பின்கதவால் போகத் தொடங்கினார்கள். கடைசியில் ராணுவத்திலிருந்து ஒரு பதில் வந்தது. ஒரு கேப்டன் ஞாயிற்றுக்கிழமை வருவார், துல்லியோவுக்காகச் சாட்சி சொல்லும் குழு உண்மையிலேயே பாசிச எதிர்ப்புக் குழுதானா என்று நேரில் பார்ப்பார். ஆமாம் என்று அவருக்குப் பட்டால் துல்லியோ வெளியே வருவான். இல்லை, இது வேஷம் போட்ட பாசிஸ்டுக் கூட்டம் என்று பட்டால், சாட்சிகளும் உள்ளே போவார்கள்.

குழுவின் தலைவர் எவரிஸ்தோ. இத்தாலியில், பொலோன்யாவில் பெரிய வக்கீலாக இருந்தவர், இங்கே சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிறார். எல்லோருக்கும் அவர் வக்கீலய்யாதான். சனிக்கிழமை எல்லோரையும் கூட்டிவைத்தார்.

"இந்த ஊர்க்காரங்க சத்தம்னா பயந்துக்கிறவங்க. சாவு வீட்டுலயே மூக்கைச் சிந்த மாட்டாங்க. நாளைக்கு நம்ம வழக்கமான கூத்தைக் காட்டினோம், அவ்வளவுதான். கேப்டன் உள்ள வந்ததும் எல்லாரும் ஒண்ணா எழுந்து நிக்கணும். ஒண்ணா உக்காரணும். நான் ஒருத்தன்தான் பேசுவேன். நான் பேசி முடிச்சா நீங்க எல்லாரும் ஆமாம்னு சொல்லணும்."

"ஒரு ராணுவ அதிகாரிக்கு நான் எழுந்து நிக்கணுமா?" என்றான் பிரிமோ.

பிரிமோவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் கம்யூனிஸ்ட். துல்லியோவும் அவனும் ஒரே ஊர், ஒரே கப்பல், ஒரே தொழில். இருவரும் மொசைக் தரை போடுகிறவர்கள். மெல்போர்னில் பாதி வங்கிகளின் தரையை இவர்கள்தான் பக்கத்தில் பக்கத்தில் மண்டிபோட்டுத் தேய்த்திருக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கச் சண்டை. அரசாங்கத்தைப் பிடித்து நல்லவர்கள் கையில் கொடுக்கவேண்டும் என்பான் இவன். எந்தக் கையில் கொடுத்தாலும் அது அரசாங்கம்தானே என்பான் அவன். ஸ்பெயின் போரின்போது பார்சிலோனாவில் கம்யூனிஸ்டுகளும் அனார்க்கிஸ்டுகளும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட செய்தி வந்த அன்று, அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத இந்த இரண்டு பேரும் ஒரு வங்கி மேனேஜர் கண் முன்னால் கொத்துக் கரணையை வீசிக்கொண்டார்கள். கீரியும் பாம்பும்தான். ஆனால் மறுநாள் காலையில் பிரிமோ வந்து கதவைத் தட்டி, "எங்க அந்த மடையன், வேலைக்கு நேரமாச்சு" என்பான்.

"துல்லியோவுக்காக எழுந்து நில்லு" என்றேன்.

"அந்தப் பயலுக்காகவா" என்று முனகினான். ஆனால் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று ஒத்திகை பார்த்தவன் அவன்தான்.

ஒத்திகையென்றால் சாதாரண ஒத்திகை இல்லை. நாற்காலி இழுக்கும் சத்தம் ஒரே சத்தமாகக் கேட்கும் வரை வக்கீலய்யா விடவில்லை. நான்கூட மகிழ்ந்துபோனேன். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை. துல்லியோ வந்துவிடுவான் என்று அன்றைக்கு நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சலவைச் சட்டையோடு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார்கள். கடைசியாக வந்தான் சிசிலிக்காரன் ரோக்கோ. மேலிருந்து கீழ் வரை கறுப்புச் சட்டை.

"ஏன்டா, உனக்கு மூளை இருக்கா?"

"எங்கம்மா செத்துட்டாங்கக்கா" என்றான். "செஞ்சிலுவைக்காரங்க மூலமாத் தகவல் வந்துச்சு. எங்க ஊர்ல ஒரு வருஷம் கறுப்புதான் போடணும். எதிர்ப்புக் குழுவுக்காகக் கறுப்பை அவுத்தா எங்கம்மா என்ன நெனப்பாங்க?"

அவனைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொண்டு அழவும் நேரமில்லை. வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. துல்லியோவின் கோடு போட்ட சட்டையை எடுத்து அவன் கறுப்புச் சட்டைக்கு மேலேயே மாட்டிவிட்டேன். மூன்று பொத்தான்தான் பூட்ட முடிந்தது.

கேப்டன் விட்டேக்கர் நெட்டையான மனிதர், வெயிலில் உரிந்த மூக்கு. போருக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் லத்தீன் வாத்தியாராக இருந்தாராம். இத்தாலிய மொழியைப் பழைய புத்தகங்களை வைத்துத் தானே படித்துக்கொண்டவர். அவர் உள்ளே நுழைந்ததும் எட்டுப் பேரும் எழுந்தார்கள். நாற்காலிகள் ஒரே சத்தமாக இழுபட்டன.

"நண்பர்காள், நும் இல்லம் புகுந்தமைக்கு என்னைப் பொறுத்தருள்க" என்றார் கேப்டன்.

"இவரு என்ன, பூசை வைக்கவா வந்திருக்காரு?" என்று ரோக்கோ முணுமுணுத்தான். பிரிமோ அவன் காலை மிதித்தான்.

எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். வக்கீலய்யா தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தக் குழு ஜனநாயகத்தை நேசிப்பது, நேச நாடுகளின் வெற்றியை விரும்புவது என்றார். "ஆமாம்" என்றார்கள் ஏழு பேரும். துல்லியோ நல்லவன் என்றார். "ஆமாம்." கேப்டன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நும்முள் கருத்து வேற்றுமை ஏதேனும் உண்டோ?"

"இல்லை" என்றார்கள் எட்டுப் பேரும், ஒரே குரலில், மிலிட்டரி மாதிரி.

நான் அடுப்படியிலிருந்து கேப்டனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறுகிக்கொண்டே போயிற்று. அவர் தொப்பியை எடுத்தார்.

"போருக்கு முன்னர், இந்நகரில் நும் நாட்டார் சங்கமொன்றின் விருந்திற்குச் சென்றிருந்தேன். அங்கும் அனைவரும் ஒருங்கே எழுந்தனர். ஒருங்கே அமர்ந்தனர். தலைவர் மொழிந்த யாவற்றிற்கும் ஆம் என்றனர். அவர்கள் பின்னாளில் யாரெனத் தெரிந்ததை நீவிர் அறிவீர். போய் வருகிறேன், அம்மையீர்."

கடைசி வார்த்தை என்னிடம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாவிகள், துல்லியோவைக் காப்பாற்றுகிறேன் என்று, அவனை அடிக்கிறவர்கள் மாதிரியே உட்கார்ந்து காட்டியிருக்கிறார்கள். வக்கீலய்யாவின் முகம் வெளுத்துவிட்டது. பிரிமோ பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தான், இன்னும் ஒத்திகையில் சொன்னபடியே. கேப்டன் கதவை நோக்கித் திரும்பினார். அந்தக் கதவு மூடினால் துல்லியோ அங்கேயே சாவான்.

காப்பித் தட்டை மேசையில் டக்கென்று வைத்தேன்.

"வக்கீலய்யா, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். சண்டை முடிஞ்சதும் நம்ம ராஜா இருக்கலாமா, வேண்டாமா?"

வக்கீலய்யா கண்ணாலேயே கெஞ்சினார். நான் அசையவில்லை.

"அது... அதை மக்கள் சபை முடிவு பண்ணும்" என்றார்.

ஆமாம் என்று யாரும் சொல்லவில்லை.

"சபையா?" என்றான் ரோக்கோ. "அவரை மூட்டை கட்டி அனுப்புறதுக்குச் சபை வேற கூடணுமா? முசோலினிய வீட்டுக்குள்ள விட்டதே அவருதானய்யா."

"முதல்ல முசோலினிய ஒழிக்கணும்" என்றான் பிரிமோ. அவனால் அடக்க முடியவில்லை. "ராஜா சமாசாரம் அப்புறம்."

"அப்புறம்னா எப்ப? மாஸ்கோவுலேருந்து உனக்குத் தகவல் வந்தப்புறமா?" என்றான் ரோக்கோ.

"யாரைப் பாத்துடா மாஸ்கோங்கறே?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, பேசினவர்களுக்கே தெரிந்திருக்காது. ஒருவர் நாற்காலி மேல் ஏறினார். காப்பி கொட்டியது. இரண்டு பேர் குழுவிலிருந்து ராஜினாமா செய்தார்கள், மூன்றாமவர் அவர்களைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே புதுக் குழு ஒன்றைத் தொடங்கினார். ரோக்கோ கையை வீசிய வேகத்தில் மேல்சட்டையின் பொத்தான் மூன்றும் தெறித்து, உள்ளேயிருந்த கறுப்பு பளிச்சென்று வெளியே வந்தது. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. கேப்டன் கவனித்தார். என்னைப் பார்த்தார்.

"அவன் அம்மா இறந்துட்டாங்க, துக்கம்" என்றேன். தலையை அசைத்தார். தொப்பியைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இவ்வாறு எத்துணைக் காலமாக நிகழ்கிறது?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நடக்குதுங்க. மழை, வெயில் பாக்கறதில்ல."

"தலைவர் அவர்களே, இவர்களைத் தாங்கள் அடக்க இயலாதோ?"

"என் பேச்சை இங்க யாருங்க கேக்கறா?" என்றார் வக்கீலய்யா, அழாத குறையாக.

கேப்டன் சிரித்தார். உரிந்த மூக்கு இன்னும் சிவந்தது. "பாசிசக் கட்சியில் தாங்கள் ஒரு நாளும் நிலைத்திரீர்" என்றார். பிறகு கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்கினார். "இறுதியாக ஒன்று. துல்லியோ என்னும் இம்மனிதரை நும்முள் எவரேனும் விரும்புகின்றீரோ?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது" என்றான் பிரிமோ. "பிடிவாதக்காரன். அவன் கட்சிக்காரனுங்க ஒரு கோழிக்கூட்டைக் கூட நடத்தத் துப்பில்லாதவனுங்க."

"பின் ஏன் அவர் விடுதலையை நாடுகின்றீர்?"

பிரிமோ தன் காய்த்துப்போன முட்டிகளைத் தடவிக்கொண்டான்.

"அவனோட ஒரு பேச்சு பாதியில நிக்குதுங்க" என்றான்.

கேப்டன் எழுந்து, என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில், துல்லியோவுக்கு எந்த அரசும் வேண்டாம் என்கிறார்களே, எம் மன்னரின் அரசுமா என்று கேட்டார். எங்கே வந்து மாட்டுகிறோம் பாருங்கள். "உங்க ராஜாவைப் பத்தி யோசிக்க அவனுக்கு இன்னும் நேரம் கிடைக்கலைங்க" என்றேன். கேப்டன் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

குளிர்காலத்தில் துல்லியோவை விட்டார்கள்.

ரயில் நிலையத்தில் அவன் இறங்கியபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று சொல்லமாட்டேன். தெரிந்தது. நடையில் மட்டும் வேறு யாரோ வந்தார்கள். முன்பல் இரண்டு இல்லை, வலது கையில் ஒரு விரல் வளைந்து நின்றது. அதெல்லாம் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து, நாற்காலியைப் பார்த்து, "உக்காரலாமா?" என்று என்னைக் கேட்டான்.

அவன் வாயைக் கொஞ்சம் மூடமாட்டானா என்று நான் எத்தனை தடவை வேண்டியிருப்பேன். இப்போது மூடிவிட்டான். எது சொன்னாலும் சரி என்றான். களியில் உப்பு போதாது என்று நானே சொன்னேன், "சரியாத்தான் இருக்கு" என்றான். பாதிரியார் எங்கள் தெருவில் போகிறபோது அவனைப் பார்த்து, இனிமேலாவது பூசைக்கு வரலாமே என்றார். துல்லியோ, "சரிங்க ஃபாதர்" என்றான். பாதிரியாரே பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், உட்கார்ந்தார்கள். சண்டையை வழக்கம்போல் தொடங்கினார்கள். துல்லியோ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ என்னய்யா சொல்றே?" என்று கேட்டார் வக்கீலய்யா.

"எல்லாரும் சொல்றது சரிதான்" என்றான் துல்லியோ.

பிரிமோ தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிக்கப் பார்த்தான். அனார்க்கிஸ்டுகளைக் கோழிக்கூட்டிலிருந்து தொடங்கி வைதான். பார்சிலோனாவை இழுத்தான். துல்லியோவின் தாத்தாவை இழுத்தான்.

"ஆமாம் பிரிமோ, நீ சொல்றது சரிதான்."

பிரிமோ எழுந்து கொல்லைப்பக்கம் போனான். பின்னாலேயே போனேன். கீரைப் பாத்தி ஓரத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"அவனை என்ன பண்ணிட்டாங்க எர்சிலியா? இருபது வருஷமா அவன் வாயிலேருந்து அந்த ஒரு வார்த்தை வராதான்னு காத்துக்கிட்டிருந்தேன். இப்படியா வரணும்?"

அழுதேன். பிரிமோ தன் முகத்தைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போய், துல்லியோவுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வக்கீலய்யா" என்றான். "நான் யோசிச்சுப் பாத்தேன். எந்த அரசாங்கமும் வேண்டாம். நான் இனிமே துல்லியோ கட்சி."

வக்கீலய்யா வாயில் வைத்த ரொட்டியை மெல்ல மறந்தார். கட்சிக்காக அடி வாங்கினவன் பிரிமோ, சிறைக்குப் போனவன். அந்த மேசையில் அவன் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

"அரசாங்கம் இல்லேன்னா யாருய்யா ரயில் விடுவா?" என்றார் வக்கீலய்யா, ஒன்றும் புரியாமல்.

"யாருக்குத் தோணுதோ அவங்க விடுவாங்க. தோணலைன்னா நடந்து போக வேண்டியதுதான். அவனவன் இஷ்டம். அதுதானே அனார்க்கிஸம்?"

துல்லியோவின் முள்கரண்டி நின்றது.

"ரொட்டி?" என்றான் ரோக்கோ. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பசிச்சவன் பக்கத்து வீட்டுல எடுத்துக்குவான். கேட்டா ஒரு குத்து விடுவான். கொள்கை அவ்வளவுதான், ரொம்ப சுலபம். எனக்கு இத்தனை நாளாப் புரியாமப் போச்சு."

"அது இல்ல" என்றான் துல்லியோ. தட்டைப் பார்த்தபடிதான், மெதுவாகத்தான்.

பிரிமோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவும் தேவையில்ல. எல்லாரும் காட்டுல போய் இருந்துக்கலாம்."

"அப்படி எவன்டா சொன்னான்?" துல்லியோ கரண்டியை மேசைமேல் போட்டான். "ரயில் ஓட்டறவங்களே சேந்து ரயிலை நடத்துவாங்கன்னு சொன்னேன். ரொட்டி சுடறவங்களே சேந்து... டேய், உனக்கு வாய் இருக்குங்கறதுக்காக எதை வேணும்னாலும் சொல்லுவியா?" எழுந்து நின்றான். யாரிடமும் கேட்காமல் எழுந்தான். கழுத்து நரம்பு புடைத்து, பல் இல்லாத இடத்தில் காற்று சீறியது. "இருபது வருஷமா பக்கத்துல மண்டிபோட்டு உனக்குச் சொல்லிக்கிட்டிருக்கேனே, மடையா, ஒரு வார்த்தை மண்டையில ஏறலையா?"

பிரிமோவின் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"ஏறலை" என்றான். "முதல்லேருந்து சொல்லு."